எம்.டபிள்யூ.பி. சட்டம்: பாலிசிப் படிவத்துக்குள் இருக்கும் கரோலின் நார்ட்டன்

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பப் படிவங்களில், குறிப்பாக டேர்ம் பாலிசிக்கான (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி) படிவங்களில், எம்.டபிள்யூ.பி. சட்டத்தின் கீழ் இந்தப் பாலிசியை எடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். பலர் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். முகவரைக் கேட்டால் மனைவி மக்களுக்குப் பாதுகாப்பு என்கிறார். நாமினியாக மனைவியின் பெயரை எழுதியாகிவிட்டதே, பிறகு இது எதற்கு என்ற குழப்பம் தீர்வதில்லை.

அந்த எழுத்துகள் குறிப்பது மணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874. பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்டு இன்றும் நடப்பில் உள்ள சட்டம் அது. படிவம் கேட்பது அதன் 6ஆம் பிரிவைப் பற்றி. அந்தப் பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தெரிந்தால், நாமினிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தானாக விளங்கும். அதற்கு இங்கிலாந்தின் பழைய திருமணச் சட்டத்தையும், அதை உலுக்கிய ஒரு பெண்ணின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணவனும் மனைவியும் ஒரே ஆள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டத்தைத் தொகுத்து எழுதிய வில்லியம் பிளாக்ஸ்டன், திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாகிறார்கள் என்று விளக்கினார். அந்த ஒரே ஆள் கணவன். திருமணம் நீடிக்கும்வரை மனைவியின் சட்ட இருப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. இந்தக் கோட்பாட்டுக்குக் கவர்ச்சர் என்று பெயர். நடைமுறையில் அது என்ன செய்தது?

1. மனைவியின் பணம், நகை, துணிமணி உட்பட அசையும் பொருள் எல்லாம் மணமான கணத்தில் கணவனுடையதாகிவிடும். அவன் அதை விற்கலாம், சூதாடித் தொலைக்கலாம், உயில் எழுதி வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

2. நிலம் அவள் பெயரில் இருக்கும். ஆனால் அதை நிர்வகிப்பதும் வாடகை, குத்தகை வாங்குவதும் கணவன்.

3. மணமான பிறகு அவள் உழைத்துச் சம்பாதிக்கும் கூலியும் கணவனுடையது. அவன் அவளை விட்டு ஓடிப்போயிருந்தாலும் இதுதான் நிலை. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து அவள் சேர்த்துவைத்ததை அவன் எடுத்துக்கொண்டு போனால், அது திருட்டு ஆகாது.

4. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது.

5. பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். 1804இல் டி மேன்வில் என்பவர், தன்னைப் பிரிந்து வாழ்ந்த மனைவியிடமிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையை எடுத்துப்போனார். தாய் நீதிமன்றம் போனாள். நீதிமன்றம் தந்தையின் உரிமையை உறுதிசெய்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஈக்விட்டி எனப்படும் நியாயச் சட்டத்தை நடத்திவந்த சான்சரி நீதிமன்றம் டிரஸ்ட் என்ற ஏற்பாட்டை ஏற்றது. மகளுக்குக் கொடுக்க நினைக்கும் சொத்தைத் தந்தை நம்பிக்கையான ஒருவர் கையில் ஒப்படைப்பார். அந்த டிரஸ்டி அதன் வருமானத்தை மகளுக்கு மட்டும் தர வேண்டும். சொத்து அவள் பெயரில் இல்லை என்பதால் மருமகன் அதைத் தொட முடியாது. வக்கீல் கட்டணமும் பத்திரச் செலவும் தாங்கக்கூடிய பெரிய குடும்பங்களுக்கே இது கைகூடியது. நூற்பாலையில் வேலை செய்த பெண்ணுக்கும், தையல் வேலை பார்த்த பெண்ணுக்கும், டிரஸ்ட் ஏற்படுத்த வசதியில்லாத குடும்பத்து மகளுக்கும் கவர்ச்சர் முழுமையாகப் பொருந்தியது.

டிரஸ்ட் என்ற இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் பிரிவின் உயிர்நாடி அதுதான்.

கரோலின் நார்ட்டன் வழக்கு

கரோலின் 1808இல் லண்டனில் பிறந்தவர். நாடகாசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தி. புகழ்பெற்ற குடும்பம், கையில் பணம் இல்லாத குடும்பம். தந்தை 1817இலேயே இறந்துவிட்டார். 1827இல் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞருக்குக் கரோலினை மணமுடித்தார்கள். அவர் ஒரு பிரபுவின் தம்பி, நாடாளுமன்ற உறுப்பினர். மனைவியை அடிப்பவர். மூன்று மகன்கள் பிறந்தார்கள்.

குடும்பச் செலவுக்குக் கரோலின் கவிதைகளும் நாவல்களும் எழுதினார், பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் அன்றைய உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபு, ஜார்ஜுக்கு 1831இல் மாஜிஸ்திரேட் பதவி கொடுத்தார். மெல்போர்னுக்கும் கரோலினுக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. ஜார்ஜ் அதை அறிந்தே இருந்தார், அதனால் ஆதாயமும் பெற்றார்.

1836இல் ஜார்ஜ் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு கரோலினை வீட்டுக்குள் விடாமல் தடுத்தார். அப்போது பிரதமராகியிருந்த மெல்போர்ன் மீது வழக்குப் போட்டார். தன் மனைவியோடு தகாத உறவு வைத்திருந்ததற்காக 10,000 பவுண்டு நட்டஈடு கேட்ட வழக்கு அது. மனைவி கணவனின் உடைமை போன்றவள், அந்த உடைமைக்குச் சேதம் விளைவித்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்த வகை வழக்கின் அடிப்படை. ஜூன் 22ஆம் தேதி விசாரணை நடந்தது. ஜார்ஜின் தரப்பு காட்டிய கடிதங்களில் எத்தனை மணிக்கு வருகிறேன் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஜூரிகள் தங்கள் இருக்கையை விட்டு எழாமலே மெல்போர்னுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

வழக்கு முழுவதும் கரோலினின் நடத்தையைப் பற்றியது. ஆனால் அவர் அதில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. அவர் சாட்சி சொல்லவும் முடியாது, அவருக்காக வக்கீல் பேசவும் முடியாது. மெல்போர்ன் பிரதமராகவே நீடித்தார். தவறு நிரூபிக்கப்படாததால் ஜார்ஜுக்கு மணவிலக்கு கிடைக்க வழியில்லை, கரோலினுக்கும் விடுதலை இல்லை. பிள்ளைகள் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

கரோலினின் உண்மையான திறமை இங்கேதான் வெளிப்பட்டது. தன் துயரத்தைப் புலம்பலாக எழுதாமல் சட்ட வாதமாக எழுதினார். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாயிடம் இருக்கலாம், முறைப்படி மணந்த தாய்க்கு மட்டும் அந்த உரிமை இல்லை என்ற முரணைத் துண்டுப் பிரசுரங்களில் விளக்கினார். தாமஸ் டால்ஃபோர்ட் என்ற வழக்கறிஞர் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1838இல் பிரபுக்கள் அவை அதைத் தள்ளிவிட்டது. ஒரு பத்திரிகை கரோலினைக் கொடூரமாகத் திட்டி எழுதியது. அவதூறு வழக்குத் தொடுக்க எண்ணியவர், மணமான பெண் தன் பெயரில் வழக்குப் போட முடியாது என்ற அதே சட்டத்தில் மோதி நின்றார். அடுத்த பிரசுரத்தை ஆண் பெயரில் வெளியிட்டு, எல்லா உறுப்பினர்களுக்கும் போய்ச் சேரச் செய்தார்.

1839இல் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதைத் தாண்டிய பிள்ளைகளைப் பார்க்கவும் தாய் சான்சரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்றது. தகாத உறவு நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அந்த உரிமையும் இல்லை. சிறிய சட்டம்தான். ஆனால் மணமான பெண் கணவனுக்கு எதிராகத் தனக்கென ஒன்றைக் கேட்கும் தனி ஆள் என்று ஆங்கிலச் சட்டம் ஒப்புக்கொண்டது அதில்தான் என்பேன்.

கரோலினுக்கு அந்தச் சட்டம் உதவவில்லை. பிள்ளைகள் இருந்த ஸ்காட்லாந்து ஆங்கில நீதிமன்றத்தின் எல்லைக்கு அப்பால் இருந்தது. கடைசி மகன் வில்லியம் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து, காயம் புரையோடி இறந்தான். தாய் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஒப்பந்தம் போட்டும் பயனில்லை

இரண்டாம் போராட்டம் பணத்தைப் பற்றியது. 1848இல் ஆண்டுக்கு 500 பவுண்டு தருவதாக ஜார்ஜ் கையெழுத்திட்டார். 1851இல் கரோலினின் தாய் இறந்தபோது மகளுக்கு ஆண்டு வருமானம் ஒன்றை விட்டுச்சென்றார். அதைக் காரணம் காட்டி ஜார்ஜ் தொகையை நிறுத்தினார். கரோலினுக்குக் கடன் கொடுத்தவர்கள் 1853இல் ஜார்ஜ் மீது வழக்குப் போட்டார்கள். மனைவியின் கடனுக்குக் கணவன் பொறுப்பு என்பதும் கவர்ச்சரின் ஒரு பகுதி.

நீதிமன்றத்தில் தெரிந்த உண்மை இதுதான்: 1848இன் ஒப்பந்தம் செல்லாது. கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்றால், ஒரு ஆள் தன்னோடு தானே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. அதோடு, கரோலின் எழுதிய புத்தகங்களின் வருமானமும் சட்டப்படி ஜார்ஜுக்கே உரியது. அடித்தவரும், பிள்ளைகளைப் பறித்தவரும், தருவதாகச் சொன்ன பணத்தைத் தராதவருமான ஒருவருக்குக் கரோலின் எழுதிய ஒவ்வொரு வரியின் வருமானமும் சொந்தம்.

1854இலும் 1855இலும் கரோலின் இரண்டு பிரசுரங்கள் எழுதினார். இரண்டாவது விக்டோரியா ராணிக்கு எழுதிய திறந்த கடிதம். அரியணையில் ஒரு பெண் இருக்கும் நாட்டில் மணமான பெண்ணுக்குச் சட்ட இருப்பே இல்லை என்பதை அரசிக்கே நேராகச் சொன்னார்.

இதே ஆண்டுகளில் பார்பரா லீ ஸ்மித் என்ற இளம்பெண் வேறு திசையிலிருந்து வந்தார். (மணமான பின் போடிஷான் என அறியப்பட்டவர், பின்னாளில் கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியை நிறுவியவர்களுள் ஒருவர்.) பெண்களைப் பாதிக்கும் சட்டங்களை எளிய மொழியில் தொகுத்து 1854இல் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். 1856இல் மணமான பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டு ஏறத்தாழ 26,000 பேர் கையெழுத்திட்ட மனுக்கள் நாடாளுமன்றம் போயின. எழுத்தாளர்கள் எலிசபெத் கேஸ்கல், எலிசபெத் பேரட் பிரௌனிங், ஹேரியட் மார்ட்டினோ ஆகியோரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

இருவரின் நோக்கும் வேறு. பார்பரா சம உரிமை கேட்டார். கரோலின், ஆணும் பெண்ணும் சமம் என்ற கருத்தைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியவர். ஆண் பாதுகாக்கக் கடமைப்பட்டவன், அவன் தவறினால் சட்டம் பாதுகாக்க வேண்டும் என்பது அவர் நிலை. இன்றைக்கு இதைப் படிக்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பழமைவாதப் பிரபுக்களின் காதில் ஏறியது அந்த வாதம்தான் என்பதையும் மறுக்க முடியாது. நீதித்துறையின் உயர்பதவியான லார்டு சான்சலர் பதவியை முன்பு வகித்த லிண்ட்ஹர்ஸ்ட், கரோலினின் வாதங்களை எடுத்துக்கொண்டுதான் பிரபுக்கள் அவையில் திருத்தங்களுக்காகப் பேசினார்.

சட்டம் படிப்படியாக மாறியது

1. 1857, மணவிலக்குச் சட்டம். அதுவரை மணவிலக்கு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். அப்படிப் பெற்ற பெண்கள் மொத்தம் நான்கு பேர். புதிய சட்டம் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைக் காத்துக்கொள்ள ஆணை பெறலாம். சட்டப்படி பிரிந்தவள் ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம். இவை கரோலினின் பிரசுரங்கள் கேட்டவை. ஆனால் கணவனுக்கு மனைவியின் தகாத உறவு ஒன்றே மணவிலக்குக்குப் போதும், மனைவிக்கு அதோடு கொடுமையோ கைவிடுதலோ போன்ற இன்னொரு காரணமும் வேண்டும் என்ற ஓரவஞ்சனை அதில் இருந்தது.

2. 1870, மணமான பெண்கள் சொத்துச் சட்டம். மான்செஸ்டரில் தொடங்கிய ஒரு குழு இதற்காக உழைத்தது. அதன் செயலாளர் எலிசபெத் வோல்ஸ்டன்ஹோம் எல்மி. இவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு, செய்த வேலையோ மலைக்க வைப்பது. மனைவியின் கூலி, சேமிப்பு, 200 பவுண்டு வரையிலான மரபுரிமைத் தொகை ஆகியவை அவளுடையதாயின.

3. 1882இன் சட்டம். மணமான பெண்ணின் எல்லாச் சொத்தும் அவளுடையது. 1883 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது.

கரோலின் இதைப் பார்க்கவில்லை. ஜார்ஜ் 1875இல் இறந்தபின் 1877 மார்ச்சில் பழைய நண்பர் ஒருவரை மணந்து, அதே ஆண்டு ஜூனில் காலமானார். பிரபுக்கள் அவையின் இன்றைய மண்டபத்தில் நீதியைப் பெண்ணுருவாகக் காட்டும் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. ஓவியர் டேனியல் மக்லீஸ் அந்த உருவத்துக்கு மாதிரியாகக் கொண்டது கரோலினை.

காப்பீடு உள்ளே வந்த விதம்

1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, கணவன் தன் உயிர்மீது எடுக்கும் பாலிசியைப் பற்றியது. வியாபாரத்தில் நொடித்துப்போன ஒருவன் இறந்தால், அவன் பாலிசிப் பணம் அவன் விட்டுச்சென்ற சொத்தோடு சேரும். கடன் கொடுத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். விதவைக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எடுப்பதாகப் பாலிசியிலேயே எழுதியிருந்தால், அதுவே ஒரு டிரஸ்ட் என்று அந்தப் பிரிவு சொன்னது. தனிப் பத்திரம் தேவையில்லை, சான்சரி நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பணக்காரத் தந்தை பெரும் செலவில் மகளுக்கு அமைத்துக் கொடுத்த அதே வேலி, சாதாரணக் குமாஸ்தாவின் மனைவிக்கும் ஒரு வரியில் கிடைத்தது. இந்த முழு வரலாற்றில் மிகக் கூர்மையான கருத்து என்று இதைத்தான் நான் மதிக்கிறேன்.

இந்தியாவில் 1874

நான்கு ஆண்டுகளில் அதே ஏற்பாடு ஏறக்குறைய அதே சொற்களில் இந்தியச் சட்டமாயிற்று. 4ஆம் பிரிவு மனைவியின் சம்பாத்தியத்தை அவளுடையது என்றது. 6ஆம் பிரிவு பாலிசி பற்றியது. ஆனால் 2ஆம் பிரிவு இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை விலக்கியது. நடைமுறையில் சட்டம் முக்கியமாகக் கிறிஸ்தவர்களுக்கே பொருந்தியது.

விலக்குக்குக் காரணம் உண்டு. கவர்ச்சர் என்பது இங்கிலாந்தின் நோய். இந்துப் பெண்ணுக்கு ஸ்ரீதனம் என்ற தனிச் சொத்து இருந்தது, அதில் கணவனுக்குச் சில பிடிகள் இருந்தபோதிலும். முஸ்லிம் பெண்ணின் சொத்து மணமான பிறகும் அவளுடையதே. 1836இல் லண்டனில் பிரதமரின் தோழியான கரோலினுக்கு இல்லாத உரிமை, அதே ஆண்டில் சென்னையில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டப்படி இருந்தது.

சிக்கல் பாலிசியில் எழுந்தது. 2ஆம் பிரிவு விலக்கியது மணமான பெண்ணை, 6ஆம் பிரிவு பேசுவது மணமான ஆண் எடுக்கும் பாலிசியை. அப்படியானால் இந்துக் கணவன் எடுக்கும் பாலிசிக்கு 6ஆம் பிரிவு பொருந்துமா? பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பிற்பாடு 1923இல் சட்டமே திருத்தப்பட்டு இந்து, முஸ்லிம், சீக்கிய, சமண ஆண்கள் எடுக்கும் பாலிசிகள் சேர்க்கப்பட்டன. பிற பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் 1க்குப் பின் எடுத்த பாலிசி என்றும், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்தது என்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது. மற்ற மாகாணங்களுக்குப் பத்தாண்டு முன்பே சென்னை மாகாணக் குடும்பங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

‘ஆம்’ என்று குறித்தால் என்ன நடக்கும்?

1. பாலிசித் தொகை கணவனின் சொத்தாகக் கருதப்படாது. அவர் கடன் வைத்துவிட்டு இறந்தாலும் கடன் கொடுத்தவர்கள் அதைக் கோர முடியாது, ஜப்தி செய்ய முடியாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்தது என்று நிரூபணமானால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

2. பயனாளிகளாக மனைவி, பிள்ளைகள் ஆகியோரை மட்டும் குறிப்பிடலாம். பெற்றோரைச் சேர்க்க முடியாது.

3. பிறகு மனம் மாறிப் பயனாளியை நீக்க முடியாது. பாலிசியை ஒப்படைத்துப் பணம் பெறுவதும், அதன்மீது கடன் வாங்குவதும் கணவன் விருப்பப்படி நடக்காது. கணவனின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியதே இந்தச் சட்டம்.

4. பாலிசி எடுக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும்.

5. டிரஸ்டியின் பெயரைக் குறிப்பிடும் இடத்தை வெறுமையாக விடக் கூடாது. டிரஸ்டி இல்லையென்றால் தொகை மாநிலத்தின் அரசு டிரஸ்டியிடம் போகும் என்று சட்டம் சொல்கிறது. அங்கிருந்து குடும்பம் பெறுவதற்குக் காலதாமதம் ஆகலாம்.

நாமினியின் நிலை வேறு. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1984இல் கூறியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே உரிமை என்று மாற்றியது. இருந்தாலும் நாமினியைப் பாலிசிதாரர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எம்.டபிள்யூ.பி. பாலிசியில் அது நடக்காது. தொழில் செய்பவர்கள், பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள், கூட்டுக் குடும்பச் சொத்துத் தகராறு உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தே கட்டத்தைக் குறிக்க வேண்டும்.

எட்டாத இடங்கள்

6ஆம் பிரிவு இன்றும் ‘மணமான ஆண்’ என்றே பேசுகிறது. குடும்பத்தைத் தாங்குபவள் மனைவி என்றால், கணவனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அவள் எடுக்கும் பாலிசிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி எடுக்கும் பாலிசியையும் சேர்த்துக்கொண்டது. இந்தியச் சட்டம் 1870இன் வாசகத்தோடு நின்றுவிட்டது. இதைத் திருத்த ஒரு பெரிய போராட்டம் தேவையில்லை, ஓரிரு சொற்களை மாற்றினால் போதும்.

இலங்கையில் நிலை இன்னும் கடுமையானது. அங்கே 1923இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரை விலக்கிவிட்டது. அவர்களுக்குப் பொருந்துவது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம். அதன்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள வீட்டையோ காணியையோ விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி பெற வேண்டும். போரில் கணவன் காணாமல்போன பெண்கள் பலர் வாழும் மண்ணில், சீதனமாகத் தாய் கொடுத்த காணியை விற்க இந்த மனுவைப் போட வேண்டியிருக்கிறது.